மதிப்பெண் யாருக்கு?

(தொடக்கக் கல்வி குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் ஊரில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரும்பாலும் கம்பன் இருப்பார், வள்ளுவர் இருப்பார், திருமுறை இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கழித்தல் கணக்கைப் பற்றிப் பேச மேடை போட்டுக் கொடுப்பவர்கள் குறைவு. ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் நினைவாக இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார், இந்த மேடையில் தொடக்கக் கல்வியைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்று நிபந்தனையும் வைத்திருக்கிறார்கள். அதற்காகவே அவர்களுக்கு முதல் நன்றி.

ஜூன் தொடங்கி ஏப்ரல் முடிய ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் தம் பிள்ளைகளின் வளர்ச்சியை எப்படி அளக்கிறார், அளந்ததை எங்கே எழுதுகிறார், எழுதியதை யார் படிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. இந்த மூன்றில் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

இரண்டு பிள்ளைகளின் நோட்டை முதலில் பார்த்துவிடுவோம். மூன்றாம் வகுப்பு. சொல்வதை எழுதுதல். பத்துச் சொற்கள்: பழம், மழை, கிளி, வாழை, தோள், பட்டம், தொட்டில், அக்கா, கொக்கு, பத்து.

முதல் பிள்ளை எழுதியது: பளம், மளை, கிலி, வாளை, தோல். மற்ற ஐந்தும் சரி. இரண்டாவது பிள்ளை பழம், மழை, கிளி, வாழை, தோள் ஐந்தையும் சரியாக எழுதிவிட்டது. அதன் பிறகு படம், தொடில், அகா, கொகு, பது.

இரண்டு பேருக்கும் பத்துக்கு ஐந்து. பதிவேட்டில் இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். தொடர் மதிப்பீட்டுக் கணக்கில் 41 முதல் 50 வரை ‘சி2’. ஆனால் வகுப்பறையில் இவர்கள் இருவருக்கும் நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. முதல் பிள்ளையின் வீட்டில் எல்லாரும் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறார்கள். காதில் விழாத வேறுபாட்டை அது கண்ணால் கற்க வேண்டும். படிக்கப் படிக்கச் சரியாகும், அவசரமில்லை. இரண்டாவது பிள்ளையின் சிக்கல் வேறு. அதற்குப் புள்ளி வைத்த எழுத்து இன்னும் பிடிபடவில்லை. கொக்கு என்ற சொல்லின் நடுவில் நாக்கு ஒரு கணம் நின்று போவதை அது கவனித்ததில்லை. அதை இந்த வாரமே கைதட்டிச் சொல்ல வைத்துப் பழக்காவிட்டால், எழுதுவது மட்டுமல்ல, வாசிப்பும் அங்கேயே நின்றுவிடும். நான்காம் வகுப்பில் இந்தப் பிள்ளை பாடப்புத்தகத்தை வெறுமனே விரித்து வைத்திருக்கும்.

கணக்கிலும் இதே கதைதான். 52இல் 27 போனால் 35, 63இல் 48 போனால் 25, 40இல் 16 போனால் 36 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. மூன்றும் தப்பு, முட்டை. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிள்ளை ஒரு விதி வைத்திருக்கிறது: எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழி. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்த விதியை மூன்று கணக்கிலும் ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடித்திருக்கிறது. இது கவனக்குறைவே அல்ல. கடன் வாங்கிக் கழித்தல் புரியவில்லை என்பதைப் பிள்ளை நமக்கு எழுதியே கொடுத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் 52இல் 27 போனால் 24 என்கிறான். அவனுக்கு முறை தெரியும், விரல் எண்ணும்போது ஒன்று நழுவிவிட்டது. இவனுக்கும் அந்தக் கணக்கில் முட்டைதான்.

நல்ல ஆசிரியருக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தத் தொடக்கப்பள்ளி டீச்சரிடமும் போய் ஒரு பிள்ளையைக் காட்டிக் கேளுங்கள். ‘இவளா? எழுத்துக் கூட்டிப் படிப்பா சார். ஒற்று வந்தா முழுங்கிடுவா. ஆனா கதை கேட்டா அப்படியே திருப்பிச் சொல்லுவா’ என்பார். மதிப்பீடு என்றால் இதுதான். துயரம் என்னவென்றால், இந்த வாக்கியத்தை எழுதி வைக்க நம் பள்ளியில் இருக்கும் எத்தனையோ பதிவேடுகளில் ஒன்றில்கூட இடம் கிடையாது.

ஏன் இல்லை? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுத் தேர்வு இல்லை. ஒரு சுவடி பாடமானால் அடுத்த சுவடி. ஆத்திசூடியில் இருக்கிறவனும் எண்சுவடியில் இருக்கிறவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே இருப்பவனுக்கு மேலே இருக்கும் சட்டாம்பிள்ளை சொல்லிக் கொடுப்பான். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு அந்தத் திண்ணை பழக்கமானது. அதைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அங்கே பிரம்பு இருந்தது, கோதண்டம் என்ற தண்டனை இருந்தது. ஊரில் பல பேரின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஏறவே இடமில்லை, பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்: பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அதன் கையில் இருக்கும் சுவடியைப் பார்த்தாலே தெரியும். தனியாக ஒரு பதிவேடு வேண்டியிருக்கவில்லை.

பதிவேடு வந்தது பணத்தோடு. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு விதி கொண்டுவந்தார். பள்ளிக்கு அரசு மானியம் வேண்டுமா? ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். வருகைக்கு 4 ஷில்லிங், தேர்ச்சிக்கு 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ‘வாசித்தார்கள்’ என்று சொல்வார்கள். பெரிய கவிஞரான மாத்யூ ஆர்னால்ட் அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தவர். தம் அறிக்கைகளில் இந்த முறையைத் தொடர்ந்து கண்டித்தார். இங்கிலாந்து 1890களில் அதைக் கைகழுவியது. அதற்குள் அது கப்பலேறி சென்னை மாகாணத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் தரும் அந்த முறை எப்போதோ போய்விட்டது. ஆனால் அது விதைத்த பழக்கம் போகவில்லை. மதிப்பெண் என்பது மேலிருந்து வருகிறவருக்குக் காட்டுவதற்கானது என்ற பழக்கம் அது. ஆண்டாய்வு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு வயிறு கலங்கும். பள்ளிக்கு வெள்ளையடிப்பார்கள், பதிவேட்டுக்கும் அடிப்பார்கள்.

இந்தப் பழக்கத்தை உடைத்த ஒரு முறை நம் தமிழ்நாட்டில் கொஞ்ச காலம் இருந்தது. அதைப் பற்றி நிதானமாகப் பேச விரும்புகிறேன். அதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில், சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஏணிப்படியாக அடுக்கி வைத்த முறை. அதைப் பார்த்துவிட்டு வந்து 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் அதற்குப் பின்னால் நின்றவர். 2007–08இல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை போனது. செயல்வழிக் கற்றல் என்றார்கள். ஆசிரியர்கள் வாயில் ‘ஏ.பி.எல்.’

வகுப்புக்குள் போனால் முதலில் தரைதான் கண்ணில் படும். டீச்சரும் பாயில்தான் உட்கார்ந்திருப்பார். சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்ததும் செய்ததும் அதில் தொங்கும். சுவரில் கற்றல் ஏணி. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம், ஒரு எண். பிள்ளை வரும், வருகையைத் தானே குறிக்கும், ஏணியைப் பார்க்கும், நேற்று எந்த அட்டையில் விட்டோம் என்று பார்த்து இன்றைய அட்டையை அலமாரியிலிருந்து தானே எடுக்கும். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படும் அட்டை என்றால் ஒரு குழு, சக மாணவர் உதவி போதும் என்றால் வேறொரு குழு, தானே செய்யலாம் என்றால் இன்னொன்று. மதிப்பீட்டுக்கும் தனிக் குழு உண்டு. ஆனால் அது தேர்வு நாள் அல்ல. ஏணியில் அந்தப் படி வரும்போது வரும் இன்னொரு அட்டை, அவ்வளவுதான். முடித்தால் அடைவு அட்டவணையில் டீச்சர் ஒப்பமிடுவார், பிள்ளை அடுத்த மைல்கல்லுக்குப் போகும். முடியாவிட்டால் அதற்கென இருக்கும் அட்டைகளைச் செய்துவிட்டு மறுபடி வரும். அங்கே ஃபெயில் என்ற பேச்சே எழவில்லை.

பருத்தி எடுக்கவோ செங்கல் சூளைக்கோ பெற்றோரோடு போய் இருபது நாள் கழித்துத் திரும்பும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வகுப்பில் அது விட்ட பாடம் விட்டதுதான். ஏணி வகுப்பில் விட்ட அட்டையில் வந்து உட்காரும். அளப்பதும் கற்பிப்பதும் ஒரே வேலையாக இருந்த முறை அது. அளந்த அளவு யாருக்கு முதலில் பயன்பட்டது? பிள்ளைக்கு. பிறகு டீச்சருக்கு. அதிகாரி வந்து பார்த்தால் அவருக்கும்.

குறையில்லாத முறையா? இல்லை. அட்டைகள் தொலைந்தன, கிழிந்தன, மாற்று வரவில்லை. ‘புத்தகமே இல்ல, வீட்டுப்பாடமே இல்ல, இது என்ன பள்ளிக்கூடம்?’ என்று பெற்றோர் கேட்டார்கள். விசிட் வருகிறது என்று தெரிந்தால் முந்தைய நாள் மாலை அடைவு அட்டவணையில் வரிசையாக ஒப்பம் விழுந்த பள்ளிகளும் உண்டு. மேலிருந்து ஆணையாக வந்ததால், தம் வகுப்புக்கு ஏற்றபடி அட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்கள் நினைக்கவே இல்லை. இவ்வளவும் இருந்தும், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்த கடைசி முறை அதுதான் என்பது என் தீர்ப்பு.

2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. எட்டாம் வகுப்பு முடிய யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது, பொதுத்தேர்வு கூடாது, தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் 2012–13இல் முப்பருவ முறை வந்தது. புத்தகம் மூன்றாகப் பிரிந்து பையின் கனம் குறைந்தது. அது உண்மையான நன்மை, மறுக்க முடியாது. ஒவ்வொரு பருவத்திலும் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீடு, 60 மதிப்பெண் தொகுத்தறி மதிப்பீடு. வளரறி மதிப்பீட்டில் ‘அ’ பகுதி செயல்பாடுகளுக்கு 20, ‘ஆ’ பகுதி சிறு தேர்வுகளுக்கு 20. செயல்பாட்டில் நான்கு செய்து, சிறந்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. பிள்ளை ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தாலும் ஆண்டு வீணாகாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஈராசிரியர் பள்ளி. ஒரு டீச்சரிடம் மூன்று வகுப்பு, மொத்தம் 30 பிள்ளைகள். பாடம் ஆளுக்கு நான்கு என்றே வைத்துக்கொள்வோம். பாடத்துக்கு நான்கு செயல்பாடு. 30 × 4 × 4, ஒரு பருவத்துக்கு 480 பதிவு. மூன்று பருவத்துக்கு 1440. இது ‘அ’ பகுதிக்கு மட்டும். சிறு தேர்வு தனி, பருவத் தேர்வு தனி, பாடக்குறிப்பு தனி, வேலைப் பதிவேடு தனி, சத்துணவுக் கணக்கு, இலவச நோட்டு, சீருடைக் கணக்கு தனி. அந்த டீச்சர் 480 பதிவையும் அந்தந்த நாளில் எழுதுவார் என்று நம்பியவர் வகுப்பறையில் வேலை பார்த்தவராக இருக்க முடியாது.

பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போன காலத்தில் நான் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல, மையை. ஜூனில் நடந்த செயல்பாட்டுக்கும் ஆகஸ்டில் நடந்ததற்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். 8, 9, 8, 9 என்று கட்டம் நிரம்பியிருக்கும். 4 என்றோ 3 என்றோ போட்டால் என்ன ஆகும் என்று ஆசிரியருக்குத் தெரியும்: ‘ஏன் இந்த மாணவன் பின்தங்கினான், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று விளக்கம் கேட்பார்கள். 8 போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பிள்ளையின் உண்மை நிலையை எழுதுகிறவரைக் கேள்வி கேட்டு, பொய்யை எழுதுகிறவரை விட்டுவிடும் ஏற்பாட்டில் எந்த ஆசிரியரைக் குறை சொல்வது? அந்த டீச்சர்களில் பலர் வகுப்பில் மிக நன்றாகப் பாடம் நடத்துகிறவர்கள். பதிவேட்டில் மட்டும்தான் பொய் சொன்னார்கள்.

கல்வி இணைச் செயல்பாடுகள் என்று இன்னொரு பகுதி. வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, மதிப்புகள். ஏழு வயதுப் பிள்ளையின் பிறர் துயரம் உணரும் திறனுக்கு ஏ, பி, சி என்று தரம் போட வேண்டும். சி வாங்கிய பிள்ளையின் அப்பாவுக்கு அதை எப்படி விளக்குவது? எனக்குத் தெரிந்து அந்தச் சங்கடத்தை எந்த ஆசிரியரும் தேடிப் போகவில்லை. எல்லாருக்கும் ஏ. அந்த விஷயத்தில் நம் ஆசிரியர்களின் விவேகத்தைப் பாராட்டுகிறேன்.

பதிவேட்டில் விழும் இந்தப் பொய்க்கு ஒரே மருந்து தேர்வுதான், கறாராகத் தேர்வு வையுங்கள் என்பவர்கள் உண்டு. 2019இல் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியதும் தமிழ்நாட்டிலும் ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று செப்டம்பரில் அரசாணை வந்தது. எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் ரத்தானது. நல்ல வேளை. பத்து வயதுப் பிள்ளையைத் தேர்வு மையத்தில் உட்கார வைத்து நிறுத்துவதால் கொக்கு என்ற சொல்லில் ‘க்’ கேட்கத் தொடங்காது. தேர்வுத்தாள் கறாரானது என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 மதிப்பெண்ணுக்கும் மேல் வித்தியாசம் வந்தது. அது மொழிப்பாடம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள் பலர். வடிவியல் தாளைக் கொடுத்தார்கள். அதில் வித்தியாசம் இன்னும் கூடியது.

பெருந்தொற்று இரண்டு ஆண்டுகளை விழுங்கிய பிறகு, 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு. இதில் எனக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு. மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கிறது என்று ஒரு ஆசிரியர் வாய் திறந்து சொல்ல அரசே அனுமதித்தது. உண்மை நிலையைச் சொன்னால் விளக்கம் கேட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏணியின் ஆன்மா வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கல் பழைய இடத்திலேயே. இப்போது பதிவேடு கைபேசிக்குள் போயிருக்கிறது. பிள்ளையின் விடையைச் செயலியில் ஏற்ற வேண்டும். மலையடிவாரப் பள்ளியில் சிக்னல் இருக்கும் இடம் தேடி டீச்சர் வாசலுக்கு வருகிறார். உள்ளே 30 பிள்ளைகள். ஏற்றிய விவரம் வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் வண்ண வண்ண வரைபடமாகப் போகிறது. மாநில அளவில் திட்டமிட அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மாநிலத்துக்கு அந்தத் தகவல் வேண்டும் என்றால், சில ஆயிரம் பிள்ளைகளை மாதிரியாக எடுத்துச் சோதித்தாலே போதும். தேசிய அடைவுத் தேர்வும் மாதிரி எடுத்தே நடந்தது. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ‘அசர்’ ஆய்வில் வீட்டுக்கே போய் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். பிள்ளை எதுவரை படிக்கிறது என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன் முடிவுகளோடு சண்டை போடுகிறவர்கள்கூட அந்தத் தாளின் எளிமையை மறுக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு வார விவரமும் தலைநகருக்குப் போக வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரலில் ஏ2 போட்டு அனுப்பிய அதே பள்ளி, ஜூனில் அதே பிள்ளைக்கு அடிப்படை மதிப்பீடு வைக்கிறது. கோடை விடுமுறையில் மறந்திருக்கும் என்பது ஒரு காரணம், நியாயமான காரணம். உண்மையான காரணம் வேறு: ஏப்ரலில் எழுதியதை ஜூனில் யாரும் நம்புவதில்லை, எழுதிய பள்ளியே நம்புவதில்லை. ஓராண்டு முழுக்க ஒரு பிள்ளையோடு இருந்த டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்து, மாறுதலில் அவரோடு வேறு ஊருக்குப் போய்விடுகிறது. அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் இருப்பது ஒரு எழுத்தும் ஒரு எண்ணும்.

அப்படியானால் என்ன எழுதுவது? 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். சிலருக்குக் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தார், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். அடுத்த முறை முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவே தேங்கிவிட்டார்கள். மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்புக்குப் போகவில்லை. பத்து ஆண்டு கழித்து லண்டனில் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, வகுப்பறைக்குள் அன்றாடம் நடக்கும் மதிப்பீடுதான் கற்றலைத் தூக்கிவிடுகிறது என்று எழுதினார்கள்.

நாம் எழுதும் குறிப்பு என்ன? ‘நன்று.’ ‘மிக நன்று.’ ‘வெரி குட்.’ சில டீச்சர்கள் ஸ்டார் போடுவார்கள், பிள்ளை அதைக் கையிலும் போடச் சொல்லும். அன்புக்கு அது சரி. குறிப்புக்கு அது போதாது. ‘கொக்கு என்று மெதுவாகச் சொல்லிப் பார். நடுவில் எங்கே நிற்கிறாய்?’ என்று எழுதினால் அது குறிப்பு. ‘52இல் 2ஐப் பார். 2 பேரிடமிருந்து 7 பேரை அனுப்ப முடியுமா?’ என்று கேட்டால் அது குறிப்பு. எழுதிக்கூடக் கொடுக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும்.

என் யோசனை எளிமையானது. டீச்சரிடம் ஒரு சாதாரண நோட்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கம். நாளுக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் உற்றுக் கவனிப்பது. ஆளுக்கு இரண்டு வரி. பத்து வேலைநாளில் 30 பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். ‘ஒற்றெழுத்து விடுகிறாள். அக்கா, பட்டம் இரண்டும் கைதட்டிச் செய்தோம். அடுத்த வாரம் பார்க்க.’ ‘கடன் வாங்குவது குச்சிக் கட்டில் வருகிறது, எழுத்தில் வரவில்லை.’ ‘ஒரு வாரமாகக் கடைசியில் உட்காருகிறான். கரும்பலகை தெரிகிறதா? கண் பார்க்கச் சொல்ல வேண்டும்.’ இப்படி. இதில் மதிப்பெண் கிடையாது.

ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். இந்த நோட்டை எந்த அதிகாரியும் ஆய்வில் கேட்கக் கூடாது. கேட்ட அன்றே அதற்கு மாதிரிப் படிவம் வரும், அட்டை போடச் சொல்வார்கள், கடைசியில் 8, 9, 8, 9தான். ஜூனில் அடுத்த வகுப்பு ஆசிரியரின் கைக்குப் போக வேண்டிய நோட்டு இது. அதற்கு மேல் எங்கும் போக வேண்டாம். இதற்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்த 1440 பதிவில் பாதியை நிறுத்தினால் நேரம் தானாக வரும்.

பெற்றோருக்கும் இதுதான் வேண்டியிருக்கிறது. ஒரு பருவ முடிவில் தேர்ச்சி அட்டையில் கையெழுத்துப் போட வந்த ஒரு பாட்டியிடம், பேத்தி ‘பி1’ என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். 71 முதல் 80 வரை, நல்ல தரம்தான் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அதெல்லாம் கெடக்கட்டும் சார். டவுன் பஸ்ஸுல போர்டு படிப்பாளா? நான் ஒவ்வொரு தடவையும் யாரையாச்சும் கேட்டுத்தான் ஏற வேண்டியிருக்கு’ என்றார். பேத்தியைக் கூப்பிட்டு ஒரு ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னோம். படித்தாள். பாட்டிக்கு அந்த ஆண்டின் அறிக்கை கிடைத்துவிட்டது. சுற்றறிக்கை எதிலும் இல்லாத மதிப்பீட்டுக் கேள்வி அது. நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்ததும் அதுதான்.

பெற்றோராக இங்கே வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது ‘எத்தனை மார்க், எத்தனாவது ரேங்க்’ என்று கேட்காதீர்கள். ‘இப்போ என்ன தெரியுது, எங்க நிக்கிறா, வீட்டுல நாங்க என்ன செய்யணும்’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் டீச்சரும் நோட்டை எடுத்து வைத்திருப்பார்.

அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுக்கு ஒருவரை அழைத்துப் பேச வைக்கிறீர்கள். அந்தப் பேச்சை அச்சிடுகிறீர்கள். அடுத்த ஆண்டு, பணியில் இருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் இப்படிப்பட்ட நோட்டை, பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு, இருக்கிறபடியே அச்சிட்டுக் கொடுங்கள். மாவட்டத்தின் ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் ஒரு பிரதி போகட்டும். என் பேச்சை அச்சிடும் காகிதத்தை அதற்குச் செலவிட்டாலும் எனக்குச் சம்மதம்.